இருட்டறையும் மூச்சும்

நினைவுகள் பெரும்பாலும் கண்ணின் வழியாகவே உள்ளத்திற் சேர்கின்றன என்பர். எனக்கோ என் தாத்தாவைப் பற்றிய முதல் நினைவு மூக்கின் வழியாக வந்தது. தம்புள்ளையில் அவருடைய கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் நான் சிறுவனாக வளர்ந்த காலத்தில், அவருடைய சட்டையில் இரண்டு மணங்கள் எப்பொழுதும் கலந்திருந்தன. ஒன்று வினாகிரியின் புளித்த மணம். மற்றையது, தீக்குச்சியை உரசி அணைத்தவுடன் எழுமே, அந்தக் கார மணம். பிற்காலத்தில் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியர் கந்தகத்தைக் கொளுத்திக் காட்டியபோது, "இது எங்கள் தாத்தாவின் மணம்" என்று வாய்விட்டுச் சொல்லி வகுப்பினரின் சிரிப்புக்கு ஆளானேன். அந்த வாயுவுக்குக் கந்தகவீரொட்சைட்டு என்று பெயர் என்பதை அன்றுதான் அறிந்தேன். அது ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் என்ன செய்யக்கூடும் என்பதை அறிய மேலும் சில ஆண்டுகள் சென்றன. அவ்வாறு அறிந்ததைப் பற்றியும், அறிந்த பின் எங்கள் குடும்பம் எடுக்க நேர்ந்த ஒரு முடிவைப் பற்றியுமே இங்கு எழுத முனைகிறேன்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருந்தெரு மாத்தளையைக் கடந்து வடக்கே இறங்க, மலைநாட்டுக் குளிர் விலகி வறண்ட பிரதேசத்தின் வெக்கை தொடங்கும் எல்லையில் தம்புள்ளை அமைந்துள்ளது. திருகோணமலைக்குப் போகும் வீதியும் இங்கேயே வந்து சந்திக்கின்றது. வெளியூரார் இவ்வூரைக் குகைக் கோயிலாலும், இரவு முழுவதும் லொறிகள் வந்து குவியும் மரக்கறிச் சந்தையாலும் அறிவர். எங்களுக்கோ தம்புள்ளை என்பது தாத்தாவின் நிழற்பட நிலையமும், அதன் மாடிப்படியின் கீழிருந்த சிறிய அறையுமே.

அந்த அறை ஆறடி நீளமும் ஐந்தடி அகலமும் எட்டடி உயரமும் கொண்டது. சுவர்களுக்குக் கறுப்பு மை பூசப்பட்டிருந்தது. கதவின் கீழ் இடைவெளியைப் பழைய சாரமொன்றைச் சுருட்டி அடைப்பர். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு, உருப்பெருக்கும் கருவி, பலகை மேசை, மேசையின்மீது வரிசையாக மூன்று தட்டுகள். முதலாவது தட்டில் உருவை வெளிக்கொணரும் டெவலப்பர். இரண்டாவதில் அதன் வேலையை நிறுத்தும் அமிலக் கரைசல். மூன்றாவதில் உருவை நிலைநிறுத்தும் ஹைப்போ. வெளிச்சம் பட்ட தாளை முதலாவது தட்டில் இட்டு மெல்ல ஆட்டினால், வெறும் வெள்ளையிலிருந்து முதலில் புருவமும் பின் கண்ணும் பின் முகமும் எழுந்து வரும். அதைக் காண்பதற்காகவே நான் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு அவ்வறைக்குள் நின்றதுண்டு. ஐந்து நிமிடத்தில் கண் எரியும், தொண்டை கரகரக்கும். அவர் என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் உள்ளே இருப்பார். நான்கு மணி நேரமேனும் இருப்பார்.

தாத்தா இத்தொழிலைக் கற்றது தம்புள்ளையில் அன்று. 1965ஆம் ஆண்டில், தமது பதினேழாவது வயதில், மாத்தளை நகரத்து நிழற்பட நிலையமொன்றில் கையாளாகச் சேர்ந்தார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்த காலம் அது. அவ்வொப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாகியிருந்தது. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க வந்தனர். தம் வாழ்நாளில் முதன்முதலாகப் படம் எடுத்துக்கொண்டவர்கள் அவர்களுட் பலர். அந்த முகங்களை இரவிரவாக அச்சிட்டுக் கொடுக்கும் வேலை தாத்தாவினுடையது. 1972ஆம் ஆண்டில் தேசிய அடையாள அட்டை வழங்கத் தொடங்கியபோது வேலை இன்னும் பெருகியது. அந்தத் துணிவிலேயே 1974ஆம் ஆண்டில் தம்புள்ளைக்கு வந்து சொந்தமாகக் கடை திறந்தார். 2009ஆம் ஆண்டில் இருட்டறை மூடப்படும்வரை அவர் ஹைப்போவின் ஆவியைச் சுவாசித்த காலம் நாற்பத்துநான்கு ஆண்டுகள். மூடப்பட்டபோது எனக்கு வயது ஆறு.

இனி அந்த மூன்று தட்டுகளையும் சற்று அணுகிப் பார்ப்போம். டெவலப்பரில் மெற்றோல், ஐதரோக்குவினோன் ஆகிய இரு பொருள்கள் முக்கியமானவை. கரைந்த நிலையில் இவை பெரும்பாலும் தோலையே தாக்கும். ஆனால் தூளாக நிறுத்துக் கலக்கும்போது எழும் நுண்தூசி மூக்குக்கும் தொண்டைக்கும் செல்லும். இரண்டாவது தட்டிலிருப்பது அசற்றிக்கமிலம். நாம் சமையலில் ஊற்றும் வினாகிரியின் உயிர்ப்பொருளும் அதுவே. தட்டில் அது நீர்த்த நிலையில் இருக்கும். ஆயினும் தொழிற்கூடங்களில் அது வருவது செறிந்த அமிலமாக. அதன் போத்தலைத் திறந்து முகர்ந்தவர் எவரும் அதனை மறவார். கண்ணையும் மூக்கையும் ஒருசேரத் தாக்கும். மூன்றாவது தட்டின் கதை சற்று நுட்பமானது. ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேற்று தன்னளவில் அதிக தீங்கற்ற உப்பு. ஆனால் அக்காலத்து நிலைநிறுத்தும் கரைசல்களில் ஹைப்போவுடன் அமிலமும் சல்பைற்றும் சேர்க்கப்பட்டன. இவை சேருமிடத்துக் கந்தகவீரொட்சைட்டு சிறிது சிறிதாக வெளியேறும். இரண்டாவது தட்டிலிருந்து அமிலம் சொட்டச் சொட்டத் தாளை மூன்றாவதில் இட்டால் அது மிகும். கரைசல் பழையதானால் மிகும். சூடானால் இன்னும் மிகும்.

சூடு என்ற சொல்லைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். மேனாட்டு நூல்கள் இவ்வேலையை 20 பாகை செல்சியசில் செய்யுமாறு சொல்கின்றன. தம்புள்ளையில் பகலிலே குழாய் நீர்கூட அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றித் தட்டின் அடியில் வைத்து முதலாவது கரைசலைக் காத்த தாத்தா, மற்ற இரண்டையும் அறைச் சூட்டிலேயே விட்டுவிட்டார். வெப்ப நாடுகளில் தாளின் பசைப்படலம் இளகிக் கழன்றுவிடாதிருக்க அதனை இறுக்கும் பொருள்களையும் சேர்ப்பதுண்டு. போர்மலின் அவற்றுள் ஒன்று. குளிர்நாட்டார் திறந்த சன்னலருகே செய்யக்கூடிய ஒரு தொழிலை நாம் வெக்கை நாட்டில் மூடிய அறைக்குள்ளே, அதிகமான மருந்துகளுடன் செய்தோம். இந்த வேறுபாட்டை எந்தப் போத்தலின் சுட்டித்தாளும் சொல்லவில்லை.

ஹைப்போவின் வரலாற்றிலும் ஒரு படிப்பினை உண்டு. இவ்வுப்பு வெள்ளியின் உப்புகளைக் கரைக்கும் என்பதை 1819ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் ஜோன் ஹேர்ஷல் என்னும் ஆங்கிலேய அறிஞர். அவருடைய நெருங்கிய தோழியான நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன், 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, 1879ஆம் ஆண்டில் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவர் காலத்தில் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தோர் ஈதரின் ஆவியைச் சுவாசித்தனர். நிலைநிறுத்துவதற்குப் பலர் பொற்றாசியம் சயனைட்டையே பயன்படுத்தினர். அதனோடு ஒப்பிட்டால் ஹைப்போ அமுதமே. கொடிய நஞ்சு ஒன்று விலகிய இடத்தில் மெல்லிய நஞ்சு ஒன்று வந்து அமரும்போது, மனிதர் அதனை நஞ்சென்று எண்ணுவதில்லை. உடனே கொல்லாததெல்லாம் கொல்லாது என்று நம்புவதே நம் இயல்பு.

1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நாட்டில் கடுமையாக இருந்தன. படத்தாளும் மருந்தும் கிடைத்தற்கரியனவாயின. கிடைத்த ஹைப்போவை ஓரிரு நாளில் ஊற்றிவிட மனம் வருமா? கரைசல் கலங்கி, அடியில் மஞ்சட் கந்தகம் படியும்வரை தாத்தா அதனைப் பயன்படுத்தினார். அமிலம் கிடைக்காத நாள்களில் பாட்டியின் அடுக்களையிலிருந்து தென்னை வினாகிரிப் போத்தல் இருட்டறைக்கு இடம்பெயர்ந்தது. பாட்டி இதனை இன்றும் சிரித்தபடி சொல்வார். சிக்கனம் என்று நாங்கள் போற்றிய அந்தப் பழக்கமே காற்றை மிகுதியாகக் கெடுத்தது. பழைய கரைசலே அதிகமாக ஆவி விடும் என்பதை அறிந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று நான் கேட்டேன். "செஞ்சிருப்பேன் தம்பி, அதையேதான் செஞ்சிருப்பேன். வேற ஹைப்போ எங்க இருந்துச்சு?" என்றார்.

தொடக்கத்தில் அவ்வறைக்கு ஒரு காற்றுத்துளை இருந்தது. பின்சுவரில், மேலே, ஒரு செங்கல் அளவினது. அட்டையைச் சாய்த்து வைத்து வெளிச்சத்தை மறைத்து, காற்றை மட்டும் விடும் ஏற்பாடு. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்துக் கலவரத்தில் மாத்தளையில் உறவினர் பலரின் கடைகள் எரிந்தன. தாத்தா குடும்பத்துடன் சில மாதம் ஊரைவிட்டு விலகியிருந்து திரும்பி வந்தார். கடை தப்பியிருந்தது. ஆயினும் வந்தவுடன் அவர் முதலில் செய்த வேலை பின்சுவரின் துளையைச் செங்கல் வைத்துச் சீமெந்து பூசி அடைத்ததே. அந்தத் துளையின் வழியாக எவரும் எதையும் உள்ளே எறிந்துவிடக்கூடும் என்று அவர் அஞ்சினார். கருவியும் தாளும் படச்சுருள்களும் எளிதில் தீப்பற்றும் பொருள்களல்லவா? அந்த அச்சத்தை நான் குறை கூற முடியாது. ஆனால் அன்று அடைபட்ட காற்று அதன்பின் இருபத்தாறு ஆண்டுகள் திறக்கப்படவில்லை. ஒரு நாட்டின் பகைமை ஒரு மனிதனின் மூச்சுக்குழாயை அடையும் வழிகளுள் இதுவும் ஒன்று போலும்.

நான் ஒருநாள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 7 கன மீற்றர். மனிதன் அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 லீற்றர் காற்றை உள்ளிழுக்கிறான் எனக் கொண்டால், நான்கு மணி நேரத்தில் அவன் இழுப்பது 1,900 லீற்றருக்கு மேல். அதாவது அறையிலுள்ள காற்றின் கால் பங்குக்கு மேற்பட்ட அளவு. நின்று வேலை செய்பவன் இதனினும் அதிகம் இழுப்பான். இருட்டறைகளில் மணிக்குப் பத்துத் தடவையேனும் காற்று முழுவதும் மாற வேண்டும் என வழிகாட்டி நூல்கள் கூறுகின்றன. எங்கள் அறையில் கதவு திறக்கும் நேரத்தில் மாறியதே மாற்றம்.

கந்தகவீரொட்சைட்டு நீரில் எளிதில் கரையும் வாயு. எனவே மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகி, அக்குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. ஆஸ்துமா உள்ளவரிடம் மிகச் சிறிய அளவிலேயே, சில நிமிடங்களிலேயே இவ்விளைவு தோன்றும். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவகம், வேலைநாளின் சராசரியாகக் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 2 பங்கே இருக்கலாம் என்றும், பதினைந்து நிமிட நேரத்துக்கு 5 பங்குக்கு மேற்படலாகாது என்றும் பரிந்துரைக்கின்றது. தம்புள்ளையில் எவரும் அளந்ததில்லை. அளப்பதற்கு இருந்த ஒரே கருவி மூக்கு. அந்தக் கருவியோ நம்பத்தகாதது. நாள்தோறும் ஒரே மணத்தில் இருப்பவனுக்கு அம்மணம் சிறிது நேரத்தில் மறைந்துவிடுகிறது, ஆவி மறைவதில்லை. கலியாணப் படங்களைப் பழுப்பு நிறமாக்கும்போது சோடியம் சல்பைட்டிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றமும் அத்தகையதே. அதற்குக் காரணமான ஐதரசன் சல்பைட்டு செறிவு மிகுந்தால் முகரும் சக்தியையே மழுங்கடித்துவிடும். எச்சரிக்கும் காவற்காரனையே முதலில் மயக்கிவிடும் கள்வன் அது.

தாத்தாவின் இருமல் எப்பொழுது தொடங்கியது என்பது எவருக்கும் திட்டமாக நினைவில்லை. 1990களின் நடுப்பகுதியில் இரவில் இழுப்பு வரத் தொடங்கியது என்பார் பாட்டி. மலைநாட்டிலிருந்து வந்தவருக்கு இந்த ஊர்ப் புழுதி ஒத்துவரவில்லை என்றனர் சிலர். பீடிதான் காரணம் என்றனர் வேறு சிலர். அவர் நாளொன்றுக்கு நாலைந்து பீடி குடித்தது உண்மை. கசாயம், ஆடாதோடை, பின்னர் மாத்திரை, பின்னர் இன்ஹேலர் என்று வைத்தியம் வளர்ந்தது. ஆனால் வீட்டில் அனைவரும் கண்ட விந்தை ஒன்றுண்டு. மாசிமகத் தேருக்காக மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலுக்குச் சென்று ஒரு வாரம் தங்கினால், நாலாம் நாளிலிருந்து அவருக்கு மூச்சு இலேசாகிவிடும். திரும்பி வந்து இரண்டு மூன்று நாளில் மீண்டும் இழுக்கும். அம்மன் அருள் என்று பாட்டி கற்பூரம் ஏற்றினார். அந்த நம்பிக்கையை நான் எள்ளவில்லை. ஆனால் வேலைத்தலத்தை விட்டு விலகியிருக்கும் நாள்களில் மூச்சு இலேசாகிறதா என்பதே தொழில்வழி ஆஸ்துமாவைக் கண்டறிய மருத்துவர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி என்று மருத்துவ பீடத்து நண்பன் ஒருவன் எனக்குச் சொன்னபோது, அந்தத் தேர்த்திருவிழாக்கள் எல்லாம் என் மனத்தில் வேறொரு வரிசையில் வந்து நின்றன.

1700ஆம் ஆண்டில் பேர்னார்டினோ ரமசீனி என்னும் இத்தாலிய மருத்துவர் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். முந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், தாத்தாவை அத்தனை தடவை பரிசோதித்தவர்களுள் ஒருவரேனும் அக்கேள்வியைக் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. பீடியைப் பற்றிக் கேட்டனர். புழுதியைப் பற்றிக் கேட்டனர். படம் பிடிப்பவர் என்று தெரிந்திருந்தும், படம் பிறக்கும் அறையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தொழில் சோறு போடுவது. அதனை நோயோடு சேர்த்துப் பேசுவது நன்றி கொல்வது போல அவருக்குப் பட்டிருக்கலாம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தாத்தாவின் நோய்க்கு இருட்டறையே காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. பீடியும் புழுதியும் முதுமையும் தத்தம் பங்கைச் செய்திருக்கக்கூடும். ஆயினும் பல காரணங்கள் இருந்தன என்பது, ஒரு காரணத்தை மட்டும் எவரும் தேடாமல் விட்டதற்கு நியாயமாகாது.

அத்தகைய தேடல் வேறிடத்தில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. வைத்தியசாலைகளில் எக்ஸ்கதிர்ப் படங்களைக் கழுவுவோரும் எங்கள் தாத்தாவின் இனத்தவரே. அவர்கள் கையாண்ட தன்னியக்கக் கருவிகளின் டெவலப்பரில், படலத்தை இறுக்குவதற்குக் குளுத்தரல்டிகைட்டு என்னும் பொருள் சேர்க்கப்பட்டது. நிலைநிறுத்தும் கரைசலின் தொட்டியிலிருந்து வழக்கமான கந்தக ஆவியும் எழுந்தது. 1980களில் நியூசிலாந்தைச் சேர்ந்த மார்ஜரி கோர்டன் என்னும் எக்ஸ்கதிர்ப் படப்பிடிப்பாளர், தமக்கும் தம் தொழிலினருக்கும் ஏற்பட்ட தலைவலி, தொண்டைப்புண், குரற்கம்மல், மூச்சிழுப்பு ஆகியவற்றைத் தொகுத்து எழுதினார். 'இருட்டறை நோய்' என்ற பெயர் அதன் பின்னரே பரவியது. அந்நோயின் எல்லைகளைப் பற்றி மருத்துவரிடையே விவாதம் இருந்தது. எனினும் குளுத்தரல்டிகைட்டு ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை. அவர்களுக்குச் சங்கம் இருந்தது, சஞ்சிகை இருந்தது, முறையிட ஒரு நிருவாகம் இருந்தது. நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் உண்டு. ஆனால் தன் கடையில் தானே முதலாளியும் தானே வேலையாளுமாக இருப்பவன் யாரிடம் நட்டஈடு கேட்பான்? சிறுநகரத்து இருட்டறைகளிற் பெரும்பாலானவை அவ்வாறானவையே. அவற்றின் நோய் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இவையெல்லாம் முடிந்துபோன கதையாயின் நான் எழுதியிருக்கமாட்டேன். கடந்த ஆண்டு பல்கலைக்கழகத்து நண்பர் மூவரும் நானும் பழைய முறையில் படம் அச்சிடும் ஆசை கொண்டோம். கைத்தொலைபேசியில் ஆயிரம் படம் எடுக்கும் எங்கள் தலைமுறைக்கு, ஒரு முகம் நீரிலிருந்து எழுவதைக் காண்பதில் தீராத கவர்ச்சி. தம்புள்ளையில் பூட்டிக்கிடந்த அறையைத் திறக்கலாம், தாத்தாவின் பெட்டிகளில் இருக்கும் பழைய நெகற்றிவ்களை அச்சிடலாம் என்று எண்ணினோம். கடல் கடந்து போனவர்களின் முகங்கள் அப்பெட்டிகளில் உள்ளன. எனக்கும் சிறு வயதிலிருந்து இழுப்பு உண்டு என்பதை நண்பர்களிடம் நான் சொல்லவில்லை. தாத்தாவிடம் சாவியைக் கேட்டேன். மறுத்துவிட்டார்.

எழுபத்தைந்து வயதைக் கடந்த அம்மனிதர் அன்றிரவு திண்ணையில் அமர்ந்து, இன்ஹேலரைக் கையில் வைத்தபடி, நான் வாசித்தறிந்தவற்றையெல்லாம் கேட்டார். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "மூக்குக்குப் பழகிப் போச்சு தம்பி, நெஞ்சுக்குப் பழகல" என்றார். "ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அந்தத் தொழில விட்டிருப்பீங்களா தாத்தா?" என்று கேட்டேன். "தொழில விட்டிருக்க மாட்டேன். செவத்த ஒடைச்சிருப்பேன்" என்றார். அடுத்த நாள் காலையில் சாவியையும் ஒரு சுத்தியலையும் என்னிடம் தந்தார்.

1983இல் அடைத்த துளையை நாங்கள் உடைத்தோம். அதில் சிறிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, வெளிச்சம் புகாதபடி கறுப்பு மை பூசிய வளைந்த குழாயை அமைத்தோம். ஊதுவத்தியைக் கொளுத்தித் தட்டின்மீது வைத்துப் பார்த்தபோது பிழை தெரிந்தது. துளை உயரத்தில் இருந்தபடியால் புகை குனிந்து நிற்பவனின் முகத்தைத் தடவிக்கொண்டே மேலே போனது. தாத்தா கண்ட துளையும் அப்படித்தான் இருந்திருக்கும். எனவே அதனை மீண்டும் அடைத்து, மேசை மட்டத்தில், தட்டுகளுக்குப் பின்னால் புதிய துளை இட்டோம். அப்பொழுதும் புகை சரியாக நகரவில்லை. காற்று வெளியேற வேண்டுமாயின் உள்ளே வரவும் வழி வேண்டும் என்பதை மறந்திருந்தோம். கதவின் அடியில் மறைப்புடன் கூடிய வழி ஒன்றைச் செய்த பின்னரே புகை முகத்தை அணுகாமல் நேரே பின்சுவரை நோக்கி ஓடியது. கதவடியில் சாரத்தைச் சுருட்டி வைத்த இடம் அதுவே.

மருந்துகளையும் மாற்றினோம். இரண்டாவது தட்டில் அசற்றிக்கமிலத்துக்குப் பதில் வெறும் நீர். மணமற்ற சிற்றிக்கமிலக் கரைசலும் அதற்கு உதவும். மூன்றாவதில் அமிலம் சேராத நிலைநிறுத்தி. அது சிறிது நேரம் கூடுதலாக எடுக்கும். ஆனால் தீக்குச்சி மணம் மிகக் குறைவு. தூள்களை வெளித்திண்ணையில் முகக்கவசமிட்டுக் கலந்தோம். அத்தகைய கவசம் தூசியைத் தடுக்குமேயன்றி வாயுவைத் தடுக்காது என்பதையும் மனத்திற் கொண்டோம். வேலையில்லாதபோது தட்டுகளை மூடினோம். கரைசலைப் பழையதாகும்வரை வைத்திருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்தோம். என் இழுப்பைப் பற்றி நண்பர்களிடம் சொன்னேன். என்னைத் தட்டுகளின் அருகே நில்லாமல் கருவியின் அருகே நிற்குமாறு அவர்கள் ஏற்பாடு செய்தனர். இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிக்கவில்லை. 1974ஆம் ஆண்டிலும் இவற்றுட் பெரும்பாலானவற்றைச் செய்திருக்க முடியும். யாரேனும் ஒருவர் வந்து சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவே.

இவ்வூரின் குகைக் கோயிலுக்குச் செல்லும்போதெல்லாம் நான் ஒன்றை எண்ணிப் பார்ப்பதுண்டு. 2,100 சதுர மீற்றர் பரப்பில் அங்கே சுவரோவியங்கள் உள்ளன. அவற்றை வரைந்தோரும் மங்கிய ஒளியில், நிறக்கலவைகளின் மணத்தில், கல்லின் அடியிலேயே வேலை செய்தனர். ஆனால் அவர்களுடைய இருளுக்கு ஒரு வாயில் இருந்தது; வெளியே சமவெளியின் காற்று இருந்தது. தாத்தாவின் அறைக்கு ஒளியே பகை. ஒளியை அடைக்கப் போய்க் காற்றையும் அடைத்தோம். இரண்டும் வெவ்வேறு என்பதை உணர எங்களுக்கு இரண்டு தலைமுறை சென்றது.

திறந்த பின் முதல் நாள் நாங்கள் அச்சிட்ட நெகற்றிவ் ஒரு குடும்பத்தினுடையது. மாத்தளையில் தாம் பழகுநராக இருந்தபோது பழுதென்று ஒதுக்கப்பட்டதைத் தாத்தா எடுத்து வைத்திருந்தார். தகப்பனும் தாயும் நான்கு பிள்ளைகளும். கடைசிப் பிள்ளை அசைந்துவிட்டது. தாத்தா கதவருகே நாற்காலியிட்டு அமர்ந்து, எவ்வளவு நேரம் தாளை ஆட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை, நாங்கள் அழைக்கவுமில்லை. படத்தைக் கழுவி வெளியே கொண்டுவந்து கொடுத்தபோது, பழக்கத்தினால் அவர் அதனை முதலில் மூக்கருகே கொண்டுபோனார். பின்னர் தூரத்தில் பிடித்து முகங்களைப் பார்த்தார்.

"மணமே இல்லையே" என்றார்.